பி-2 காலியாக விட்ட வட்டம்

கோடியக்கரைச் சாலையில் பாலம் ஒன்று உடைந்து கிடப்பது அரசுக்குத் தெரியுமா என்று சட்டமன்றத்தில் ஓர் உறுப்பினர் கேட்டார். நான் பறவைகளைப் பற்றிப் பதில் எழுதினேன்.

சிரிக்காதீர்கள். எழுதும்போது எல்லாம் ஒழுங்காகத்தான் போய்க்கொண்டிருந்தது. பாலம் சாலையில் இருக்கிறது. சாலை சரணாலயத்துக்குப் போகிறது. சரணாலயத்துக்குப் பறவைகள் வருகின்றன. பறவைகள் வந்து இறங்கிய பிறகு என்னால் பேனாவை நிறுத்த முடியவில்லை. பூநாரை எந்தப் பருவத்தில் வரும், எந்தச் சேற்றில் நிற்கும், ஒற்றைக்காலில் நிற்பதில் அதற்கு என்ன சௌகரியம் என்றெல்லாம் எழுதிக்கொண்டே போய், கடைசியில் பாலத்தை மறந்துவிட்டேன். காகிதம் சென்னையிலிருந்து திரும்பி வந்தது. ஓரத்தில் யாரோ சிவப்பு மையில் எழுதியிருந்தார்கள்: ‘பறவைகள் பாலத்தைப் பயன்படுத்துவதில்லை.’

வருவாய்த் துறையில் இப்போதுதான் வந்து உட்கார்ந்திருக்கும் தம்பி தங்கைகள் என்னிடம் அனுபவத்தை எழுதச் சொல்லிக் கேட்டீர்கள். என் அனுபவத்தில் பாதி இந்தப் பூநாரை வகையைச் சேர்ந்தது. மீதிப் பாதி என் பக்கத்து நாற்காலிக்காரருடையது. நான் எழுதப்போவது பெரும்பாலும் அவரைப் பற்றித்தான். அதனால் தைரியமாகப் படிக்கலாம்.

தஞ்சாவூர் கலெக்டர் ஆபீசில் அந்த நாளில் ஆளுக்குப் பெயர் கிடையாது, சீட்டுக்குத்தான் பெயர். பி பிரிவில் மூன்றாவது சீட்டில் உட்கார்ந்திருந்ததால் நான் பி-3. தபால் வந்தாலும் பி-3, திட்டு வந்தாலும் பி-3. பக்கத்து சீட் பி-2. அவர் நாகூர்க்காரர். அப்பாவுக்கு அங்கே ஜவுளிக்கடை. அண்ணன்மார் வெளிநாட்டில். குடும்பத்தில் அரசாங்க உத்தியோகத்துக்கு வந்த முதல் ஆள் அவர். நானும் அவரும் ஒரே தேர்வு எழுதி, ஒரே நாளில் வேலையில் சேர்ந்தவர்கள். வயது, சம்பளம் இரண்டும் சமம். சமத்துவம் அதோடு முடிந்தது.

பி-2 அடக்கமான பெண்மணி என்று நான் பொய் சொல்லமாட்டேன். தன் வேலை நல்ல வேலை என்று அவருக்குத் தெரியும். அது மற்றவர்களுக்கும் தெரிய வேண்டும் என்பதில் அவருக்கு ஆட்சேபணையே இல்லை. பாராட்டினால் மறுக்கமாட்டார். ‘ஆமா’ என்று சொல்லிவிட்டு அடுத்த கோப்பை எடுப்பார்.

பறவைக் காகிதம் திரும்பி வந்த அன்று அவர் அதை முழுவதும் படித்தார். படித்துவிட்டு, “என்ன சார், பறவைக்கா பாலம் போடப்போறாங்க?” என்று கேட்டார். பிறகு பழைய தபால் உறை ஒன்றைப் பிரித்து, உள்பக்கத்தை மேலே திருப்பி வைத்துக்கொண்டு பென்சிலால் நடுவில் ‘பாலம்’ என்று எழுதி ஒரு வட்டம் போட்டார். வட்டத்திலிருந்து கோடு கோடாக இழுத்தார். உடைந்தது எப்போது? யார் பொறுப்பில் உள்ள பாலம்? ஊர்க்காரர்கள் இப்போது எப்படிப் போகிறார்கள்? உப்பு ஏற்றும் லாரி எப்படிப் போகிறது? எப்போது கட்டுவீர்கள்? ஒவ்வொரு கோட்டின் முனையிலும் ஒரு சின்ன வட்டம். வட்டத்துக்குள் பதில். எல்லாம் சேர்த்து ஒரு கை அகலத்துக்கு மேல் இல்லை. படத்தை என் பக்கம் நகர்த்தி, “இதுல உங்க பறவை எங்க வந்து உக்காருது, காட்டுங்க” என்றார்.

நானும் ஒரு கிளை கிடைக்குமா என்று நிஜமாகவே தேடிப் பார்த்தேன்.

இதற்கு நீங்கள் இப்போது மைண்ட் மேப் என்று பெயர் வைத்திருக்கிறீர்கள். கைப்பேசியில் வண்ண வண்ணமாக வரைகிறீர்கள். பி-2க்கு அந்தப் பெயரும் தெரியாது, வண்ணமும் கிடையாது. இந்த வித்தையை எங்கே படித்தீர்கள் என்று கேட்டேன். “எனக்கு ஞாபகம் பத்தாது சார். அதான் படம் போட்டு வெச்சுக்கிறேன்” என்றார். இது சுத்தப் பொய். என்றைக்கோ நான் இரவல் வாங்கிய பென்சிலை ஒவ்வொரு பொங்கலுக்கும் நினைவுபடுத்துகிறவர் அவர்.

எனக்கு ஏன் இது வரவில்லை என்றால், நான் மேடைத் தமிழில் விழுந்தவன். அந்த நாளில் தஞ்சாவூரில் தெருவுக்குத் தெரு மேடை. ஆட்சி மாறியிருந்தது. அலுவலகக் கடிதங்கள் ஆங்கிலத்திலிருந்து தமிழுக்கு மாறிக்கொண்டிருந்தன. தமிழ் வந்துவிட்டது, இனி நம் காலம் என்று எனக்குள் ஒரு துள்ளல். வறட்சி பற்றிய அறிக்கை ஒன்றில், ‘வயலும் வாடியது, வயிறும் வாடியது, வாய்க்கால் மட்டும் வாய் மூடிக் கிடந்தது’ என்று எழுதினேன். எங்கள் சூப்பிரண்டு அதைப் படித்துவிட்டு, எத்தனை ஏக்கர் என்று மட்டும் கேட்டார். அது என்னிடம் இல்லை. வாக்கியம்தான் இருந்தது.

வாக்கியத்தில் உள்ள ஆபத்து இதுதான். அது தன் ஓட்டத்திலேயே ஆளை இழுத்துக்கொண்டு போய்விடும். நடுவில் ஒரு பள்ளம் இருந்தாலும் ‘மேற்படி’, ‘எனவே’ என்று இரண்டு பலகையைப் போட்டுத் தாண்டிவிடும். படத்தால் அது முடியாது. வட்டம் காலியாக இருந்தால் காலியாகத்தான் தெரியும். டெல்டாக்காரர்களுக்கு இதை விளக்க வேண்டியதே இல்லை. ஆற்றிலிருந்து வாய்க்கால், வாய்க்காலிலிருந்து கன்னி என்னும் சிறுகால், கன்னியிலிருந்து வயல். தலைமதகைத் திறந்து மாலை போட்டுவிட்டால் பாசனம் ஆகிவிடுமா? கடைமடையில் மண் நனைந்திருக்கிறதா என்று போய்ப் பார்க்க வேண்டும். பி-2 தன் படத்தை எப்போதும் முனையிலிருந்து நடுவுக்குத்தான் சரிபார்ப்பார்.

அவரைப் பார்த்து நானும் வரைய ஆரம்பித்தேன். அதிலும் என் கைவண்ணத்தைக் காட்டாமல் இல்லை. துறைத் தேர்வு வந்தது. விடைத்தாளின் முதல் பக்கத்தில், அரசு நிலத்தை ஏழைகளுக்கு ஒப்படை செய்வது பற்றிய கேள்விக்கு ஒரு படம் போட்டேன். கிளைகள், கிளைக்குள் கிளைகள், ஓரத்தில் நிழல்கூடக் கொடுத்தேன். அவ்வளவு அழகாக வந்தது. இனி விடை எழுதலாம் என்று பேனாவை எடுத்தபோது மணி அடித்துவிட்டது. தேர்வு முடிவு வந்த அன்று பி-2 என்னைப் பார்த்து, “அந்தப் படத்துக்காவது சட்டம் போட்டு மாட்டியிருக்கலாம்” என்றார். அவர் முதல் முறையிலேயே தேறியிருந்தார். படம் என்பது எழுதுவதற்கு முன் யோசிக்க. யாருக்கும் காட்ட அல்ல. வரைந்து முடித்ததும் தூக்கிப் போடக் கூசாத காகிதத்தில்தான் வரைய வேண்டும். இதற்காகத்தான் பி-2 பழைய உறைகளைச் சேர்த்து வைத்திருந்தார் என்பது எனக்குத் தோற்ற பிறகு புரிந்தது.

இனி வேதாரண்யம் விஷயத்துக்கு வருகிறேன்.

அப்போது எங்கள் தஞ்சாவூர் மாவட்டத்திலேயே இருந்த வேதாரண்யத்துக்கு உள்ளே தள்ளி ஒரு கிராமம். அறுவடைக் கூலியில் ஆரம்பித்த தகராறு. கூலி கூடக் கேட்டவர்களை நிறுத்திவிட்டு, பண்ணையார் வெளியூர் ஆட்களைக் கொண்டுவந்தார். சங்கத்தின் கொடி ஏறியது, போலீஸ் வந்தது, கதிர் வயலிலேயே உதிர்ந்தது. அந்த நாளில் எங்கள் மாவட்டத்தில் இது புதிய கதை இல்லை. ஆனால் இந்த ஊரில் தகராறு வயலோடு நிற்காமல் குடிசைக்கு வந்துவிட்டது. குடியிருக்கும் மனையைக் குடியிருக்கும் விவசாயத் தொழிலாளிக்கே சொந்தமாக்கும் சட்டம் வந்த புதிது அது. பண்ணையாரின் பட்டா நிலத்தில் குடிசை இருந்தால், அந்த மனை தொழிலாளிக்குப் போய்விடும். அரசாங்கத்து வாய்க்கால் புறம்போக்கில் இருந்தால் அது ஆக்கிரமிப்பு, யாருக்கும் கிடைக்காது, காலி செய்ய வேண்டியதுதான். குடிசைகள் நிற்பது வாய்க்கால் புறம்போக்கில்தான் என்று தாசில்தாரின் அறிக்கை சொன்னது.

இதற்குள் சட்டமன்றத்தில் கேள்வி வந்துவிட்டது. ‘(அ) மேற்படி கிராமத்தில் குடியிருக்கும் விவசாயத் தொழிலாளர் குடும்பங்களை வெளியேற்ற அரசு உத்தேசித்துள்ளதா? (ஆ) ஆம் எனில், காரணம் என்ன?’ பதில் அன்று மாலை ரயிலில் தனி ஆள் கையில் சென்னைக்குப் போயாக வேண்டும். சட்டமன்றத்தில் அமைச்சர் வாசித்துவிட்டால் அது அரசாங்கத்தின் வாக்கு. ஆக்கிரமிப்பு என்று வாசித்துவிட்டால், பிறகு எந்த அதிகாரி நினைத்தாலும் அதை மாற்றி எழுத முடியாது. கோப்பு என் சீட்டுக்கு வந்தது.

அன்று காலை டீ குடிக்க வெளியே வந்தபோது வராந்தாவில் ஒரு பெண் என்னை மறித்தார். அஞ்சலை என்று பெயர். அந்த ஊர்க்காரர்களின் மனுவை எடுத்துக்கொண்டு முதல் பஸ் பிடித்து, நாகப்பட்டினத்தில் மாறி வந்திருந்தார். நடுத்தர வயது. குரலில் கெஞ்சலே இல்லை.

“சார், எங்க ஊரு காயிதம் உங்ககிட்டதான் இருக்காம்ல.”

இருக்கிறது, ஆனால் அது ரகசியம் என்று நான் நிமிர்ந்து நின்றுகொண்டு சொன்னேன்.

“எங்க வூட்டப் பத்தி எழுதுறது எங்களுக்கே ரகசியமா?” என்றார். பிறகு குரலைத் தணித்து, “நடவுக்குப் போனவ திரும்பி வந்தா வூடு நிக்குமா நிக்காதா, அத மட்டும் சொல்லுங்க. புள்ளைவொள வூட்டுல விட்டுட்டுப் போறதா, கூடவே இழுத்துக்கிட்டுப் போறதான்னு தெரியணும்” என்றார்.

அரசாங்கம் பார்த்துக்கொள்ளும் என்று சொல்லிவிட்டு டீ குடிக்கப் போனேன். டீ நன்றாக இருந்தது என்று ஞாபகம்.

திரும்பி வந்து பதிலை எழுதினேன். தாசில்தார் சொன்னதை எடுத்து என் தமிழில் குளிப்பாட்டினேன். ‘நீரோட்டத்தை மறித்து நிற்கும் குடிசைகள் வாய்க்கால் புறம்போக்கில் அமைந்துள்ள ஆக்கிரமிப்புகள் எனத் தெரியவருவதால், நெற்பயிரின் நலன் கருதி அவற்றை அகற்றுவது அவசியமாகிறது.’ இரண்டு முறை வாய்விட்டுப் படித்துப் பார்த்தேன். மேடையில் சொல்லியிருந்தால் கைதட்டல் கிடைத்திருக்கும்.

தட்டச்சாகி வந்தது. சுத்தப் பிரதி வெளியே போகுமுன் இரண்டு பேர் ஒப்பு நோக்க வேண்டும் என்பது உங்களுக்கும் தெரியும். ஒருவர் வாசிப்பார், மற்றவர் பார்த்துக்கொண்டு வருவார். முடிந்ததும் இருவரும் ஓரத்தில் சுருக்கொப்பம் இடுவார்கள். எல்லோருக்கும் இது மந்திரம் ஓதுவது போல. வாய் ஒரு பக்கம், மனசு சாப்பாட்டுப் பக்கம். என் சுருக்கொப்பத்தை முதலிலேயே போட்டுவிட்டு நான் வாசித்தேன், பி-2 பார்த்தார். ‘எனத் தெரியவருவதால்’ என்ற இடத்தில் நிறுத்தச் சொன்னார்.

“யாருக்குத் தெரிய வந்துச்சு?”

தாசில்தாருக்கு என்றேன். அவர் ஓர் உறையைப் பிரித்தார். நடுவில் ‘குடிசை’. அதிலிருந்து கோடுகள். யார் இருக்கிறார்கள், எவ்வளவு காலமாக, போலீஸ் ஏன் போனது, வாய்க்காலில் தண்ணீர் ஓடுகிறதா, வெளியேற்றினால் எங்கே போவார்கள். அமைச்சரை எழுந்து நின்று மடக்கிக் கேட்கக்கூடிய துணைக் கேள்விகள் அத்தனையும் கிளை கிளையாக வந்தன. முனை வட்டங்களைக் கோப்பைப் பார்த்து நிரப்பிக்கொண்டே போனார். ஒரு கிளையில் ‘இடத்தை அளந்தது யார்?’ என்று எழுதினார். முனையில் வட்டம் போட்டார். கோப்பை முன்னும் பின்னும் புரட்டினார். வட்டம் காலியாகவே இருந்தது.

தாலுகா ஆபீசுக்கு டிரங்க் கால் போட்டோம். கடலோரக் காற்று முழுவதும் அந்தக் கம்பிக்குள் புகுந்துகொண்ட மாதிரி இரைச்சல். தலைமை எழுத்தர் பேசினார். வருவாய் ஆய்வாளர் ஆர்.ஐ. எழுதியதை வைத்துத்தான் தாசில்தார் எழுதினார் என்றார். ஆர்.ஐ. எதை வைத்து எழுதினார்? ஊர்க் கணக்குப் பார்க்கும் கர்ணம் கொடுத்த விவரத்தை வைத்து. கர்ணம்? “பண்ணையாரு மனுவுலயே அப்படித்தான சார் போட்டிருக்கு” என்றார். சங்கிலி பிடித்து யாராவது அளந்தார்களா என்று கத்தினேன். அதற்கு ஆள் இல்லை என்றார்.

பி-2 படத்தில் கர்ணத்துக்கு ஒரு வட்டம், ஆர்.ஐ.க்கு ஒரு வட்டம், தாசில்தாருக்கு ஒரு வட்டம் போட்டுக் கோடு இழுத்தார். எல்லாக் கோடும் ஒரே மதகுக்குப் போய்ச் சேர்ந்தது. பண்ணையார். வரப்பை ஒரு சாண் நகர்த்தியவனைக் கோர்ட்டுக்கு இழுத்த மனிதர் அவர். அவர்தான் இப்போது இந்த இடம் என்னுடையதே அல்ல, அரசாங்கத்துடையது என்று எழுதிக் கொடுத்திருக்கிறார்.

“நெலத்த வேண்டாங்கற ஆளா அவரு?” என்றார் பி-2. குடிசைகள் போய்விட்டால் அந்த இடம் நாளைக்கு யார் வயலோடு சேரும் என்று அவர் சொல்லவில்லை. சொல்லத் தேவையும் இல்லை.

சூப்பிரண்டிடம் போனோம். அவர் கெட்டவர் இல்லை. ஓய்வு பெற இருந்தவர். ஓய்வூதியக் காகிதங்களை வாரத்துக்கு ஒரு முறை எடுத்துத் துடைத்து வைப்பவர். “தாசில்தார் எழுதியிருக்காரு, நாம அனுப்புறோம். தப்புன்னா அவரு தலை. ரயிலுக்கு நேரமாச்சு, கையெழுத்தப் போடும்மா” என்றார்.

“ஒரு வட்டம் காலியா இருக்கு சார். நான் இனிஷியல் போட மாட்டேன்.”

“வட்டமா? என்ன வட்டம்?”

பி-2 படத்தைக் காட்டினார். சூப்பிரண்டு அதைத் தலைகீழாகப் பிடித்துப் பார்த்துவிட்டு, இதைக் கோலம் என்று நினைத்தாரோ என்னவோ, திருப்பிக் கொடுத்துவிட்டார். வேறு யாரையாவது ஒப்பமிடச் சொல்லலாம் என்று அறையைச் சுற்றிப் பார்த்தார். பி-1க்குத் திடீரென்று வெளியே வேலை வந்தது. பி-4 குனிந்து ஒரு குண்டூசியைத் தேட ஆரம்பித்தார், நான் ஓய்வு பெறும் வரை அது கிடைத்ததாகத் தெரியவில்லை. அதற்குள் தபேதார் வந்து, கலெக்டர் அந்தக் கோப்பைக் கையோடு கேட்கிறார் என்றார். சென்னையிலிருந்து போன் வந்துவிட்டதாம். சூப்பிரண்டு கோப்பை எடுத்துக்கொண்டு, தனியாகத் திட்டு வாங்கும் பழக்கம் இல்லாததால் என்னையும் கூட்டிக்கொண்டு போனார்.

கலெக்டர் வட இந்தியர். இளைஞர். தமிழை எழுத்துக் கூட்டிப் படிப்பார், புத்தகத்தில் உள்ளபடியே பேசுவார். என் வாக்கியத்தின் மேல் விரலை வைத்து மெதுவாக நகர்த்தினார். ‘நீரோட்டத்தை’யில் ஒரு முறை, ‘நெற்பயிரின் நலனில்’ ஒரு முறை நின்று மூச்சு வாங்கினார். பிறகு விரல் ஓரத்துக்குப் போய் நின்றது.

“இங்கே ஒரு கையொப்பம்தான் இருக்கிறது. மற்றவர் எங்கே?”

பி-2 வரவழைக்கப்பட்டார். கையில் அந்த உறை. கலெக்டர் அதை வாங்கி மேஜையில் விரித்தார். என் வாக்கியத்தோடு அவ்வளவு நேரம் மல்லுக்கட்டியவர், படத்தை எவ்வளவு சீக்கிரம் படித்து முடித்தார் என்று பார்த்து எனக்கு மானமே போயிற்று. நடுவில் ஆரம்பித்து ஒவ்வொரு கிளையாகப் பேனாவால் தொட்டுக்கொண்டே வந்தார்.

“இந்த வட்டம் ஏன் காலியாக இருக்கிறது?”

“அதுக்குப் பதில் எங்ககிட்ட இல்ல சார்.”

தாசில்தாரின் அறிக்கை இருக்கிறது என்று சூப்பிரண்டு நடுவில் புகுந்தார். கலெக்டர் அவரைப் பார்க்கவில்லை. என்னைப் பார்த்தார். “நீங்கள்தானே எழுதினீர்கள். அந்தக் குடிசைகள் யாருடைய நிலத்தில் இருக்கின்றன? உங்களுக்குத் தெரியுமா?”

தம்பிகளே, தங்கைகளே, அந்த நேரத்தில் என் வாயில் என்னென்ன வாக்கியங்கள் வரிசை கட்டி நின்றன என்று உங்களுக்குத் தெரியாது. ‘கோப்பில் கண்டவாறு’ என்று ஒன்று. ‘கள அலுவலர்கள் தெரிவித்தபடி’ என்று ஒன்று. எதைச் சொல்லியிருந்தாலும் என் மேல் தவறு இல்லை, சூப்பிரண்டு மேலும் தவறு இல்லை, ரயிலும் நேரத்துக்குப் போயிருக்கும். பக்கத்தில் பி-2 நின்றுகொண்டிருந்தார். என் பக்கம் திரும்பவே இல்லை. அது பெரிய உபகாரம். திரும்பியிருந்தால் நான் அவருக்காகப் பேசியதாக ஆகியிருக்கும். வெளியே வராந்தாவில் அஞ்சலை உட்கார்ந்திருந்தார் என்பதும் நினைவுக்கு வந்தது.

“தெரியாது சார்” என்றேன்.

என் உத்தியோக வாழ்க்கையில் நான் கொடுத்த மிகச் சின்னப் பதில் அது. சூப்பிரண்டு கண்ணை மூடிக்கொண்டார்.

கலெக்டர் பேனாவை எடுத்து என் நெற்பயிர் வாக்கியத்தின் மேல் ஒரு கோடு போட்டார். (அ)வுக்கு நேரே ‘இல்லை’ என்று எழுதச் சொன்னார். (ஆ)வுக்கு நேரே ‘எழவில்லை’, அதாவது அந்தக் கேள்விக்கே இடமில்லை. கூடவே, இடத்தை அளக்க வேண்டும் என்றும், அளந்து முடியும்வரை எவரையும் வெளியேற்றக் கூடாது என்றும் ஓர் உத்தரவு. தாசில்தாரின் அறிக்கைக்கு மாறாக மாவட்டத்திலிருந்து பதில் போகிறதே, சென்னையில் கேட்டால் என்ன சொல்வது என்று சூப்பிரண்டு மெல்லிய குரலில் கேட்டார். “நான் சொல்வேன்” என்று கலெக்டர் போனை எடுத்தார். அவர் ஆங்கிலத்தில் என்ன பேசினார் என்பது எங்களுக்கு முழுக்கக் கேட்கவில்லை. ஆனால் பேசும்போது உறையைக் கையில் வைத்துக்கொண்டிருந்தார், ஒவ்வொரு கிளையாகப் பார்த்துப் பேசினார் என்பதைப் பார்த்தேன்.

திருத்திய பதில் தட்டச்சாகி வந்தது. துணைக் கேள்விகளுக்கான குறிப்பைப் பி-2 தன் கிளைகளின் வரிசையிலேயே சொல்லச் சொல்ல, நான் எழுதினேன். அடுக்குமொழி ஒன்றுகூட வராமல் பார்த்துக்கொண்டேன். கை அரித்தது, பொறுத்துக்கொண்டேன். ஒப்பு நோக்கினோம். பி-2 சுருக்கொப்பம் போட்டார். ரயில் போயிற்று.

சட்டமன்றத்தில் அமைச்சரைத் துளைத்துவிட்டார்கள் என்று பிறகு கேள்விப்பட்டோம். போலீஸ் ஏன் போனது, தாசில்தார் வேறு மாதிரி எழுதினாராமே, எப்போது அளப்பீர்கள் என்று அடுக்கடுக்காகக் கேட்டிருக்கிறார்கள். எல்லாவற்றுக்கும் குறிப்பில் பதில் இருந்தது. கேட்காமல் விட்ட கேள்வி ஒன்றுக்கும் பதில் இருந்தது, அது வீணாய்ப் போனதில் பி-2க்குச் சின்ன வருத்தம். சென்னையிலிருந்து பாராட்டெல்லாம் வரவில்லை. நம் துறையை உங்களுக்குத் தெரியும். குறிப்பு எழுதியது எந்த சீட் என்று ஒருவர் போனில் விசாரித்தார். பி-2 என்று சொன்னேன். நான் பொய் சொல்லாத இரண்டாவது சந்தர்ப்பம் அது.

ஊரை அளந்தார்கள். ஒரு புயலுக்குப் பிறகு வாய்க்காலை வேறு தடத்தில் வெட்டியிருந்ததால் அளப்பது சுலபமாக இல்லை, சர்வேயர் இரண்டு முறை வந்து போனார். கடைசியில் குடிசைகளில் பெரும்பாலானவை பண்ணையாரின் பட்டா நிலத்தில்தான் நிற்கின்றன என்று ஆயிற்று. தெற்கு முனையில் சில வீடுகள் மட்டும் உண்மையாகவே வாய்க்கால் கரையில் இருந்தன. அவர்களுக்கு வேறு இடம் பார்க்க வேண்டியிருந்தது. பார்த்தார்கள், ஆனால் மெதுவாக. எல்லாம் நல்லபடியாக முடிந்தது என்று நான் பெருமையாகச் சொல்லும்போதெல்லாம், பி-2 அந்த முனை வீடுகளின் கோப்பை எடுத்து என் மேஜையில் வைப்பார். எத்தனை முறை வைத்தார் என்று கணக்கில்லை. அதை முடித்துவிட்டுத்தான் அவர் வேறு பிரிவுக்கு மாறிப் போனார்.

நான் அவரைப் போல ஆகிவிட்டேன் என்று சொல்லமாட்டேன். ஆனால் அன்றிலிருந்து எந்தப் பதிலுக்கும் முதலில் ஒரு பழைய உறையைத்தான் தேடுவேன். வட்டம் காலியாக இருந்தால் எழுந்து போய் விசாரிப்பேன். விசாரித்தும் நிரம்பவில்லை என்றால் ‘தெரியாது’ என்று மேலிடத்தில் சொல்வேன். முதல் முறை சொல்லத்தான் கஷ்டம். இரண்டாவது முறையும் கஷ்டம்தான். உங்கள் கைப்பேசி படம் வரைந்து கொடுக்கும், வரையும்போதே அழகாக்கியும் கொடுக்கும். காலியான வட்டத்தை அது அழிக்கச் சொன்னால் மட்டும் கேட்காதீர்கள்.

அந்த ஊரில் மனைப் பட்டா கொடுக்கும் நாள் வெகுகாலம் கழித்து வந்தது. பந்தல் போட்டிருந்தார்கள். நான் பட்டாக் கட்டைத் தூக்கிக்கொண்டு போன ஆபீஸ் ஆட்களில் ஒருவன். பெயர் கூப்பிட்டதும் அஞ்சலை வந்து வாங்கிக்கொண்டார். தலை அப்போது நன்றாக நரைத்திருந்தது. என்னை அடையாளம் தெரியவில்லை. தெரியாமல் விட்டுவிடுவேனா? கூட்டம் கலைந்ததும் அவர் பின்னாலேயே போய் நிறுத்தினேன். நடவுக்குப் போனால் வீடு நிற்குமா என்று அன்றைக்குக் கேட்டீர்களே, ஞாபகம் இருக்கிறதா என்றேன். சட்டமன்றத்தில் உங்களை வெளியேற்றப் போகிறார்களா என்று கேள்வி வந்தது, அதற்கு ‘இல்லை’ என்று பதில் எழுதி அனுப்பியது எங்கள் சீட்தான் என்றேன். என் குரலில் கொஞ்சம் மேடையும் கலந்திருக்கும், மறுக்கவில்லை.

அஞ்சலை பட்டாவை நாலாக மடித்து மடியில் செருகிக்கொண்டு, என்னை மேலும் கீழும் பார்த்தார்.

“அந்த ஒத்த வார்த்தைக்கா சார் இவ்ளோ நாளு?”